கூரைத் தண்ணீருக்கு ஒரு வழி

கேள்வி: மொட்டை மாடி ஆயிரம் சதுர அடி. நாலு அங்குலக் குழாய் ஒன்று இறக்கினால் போதும் என்கிறார் பிளம்பர். போதுமா? (தாம்பரம் வாசகர்)

பதில்: தாம்பரத்திலிருந்தா இந்தக் கேள்வி! 2015 டிசம்பரில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிய ஊராயிற்றே! ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். அந்தக் கணக்கில் ஆயிரம் சதுர அடி மாடி அன்றைக்குச் சுமந்தது ஏறக்குறைய 45,000 லிட்டர்.

ஆனால் குழாயின் அளவை முடிவு செய்வது நாள் முழுக்கப் பெய்யும் மழை அல்ல. அரை மணி நேரம் அடித்து ஊற்றுகிற மழைதான். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் பெய்யும்போது நாலு அங்குலக் குழாய் ஒன்று சுமார் 450 சதுர அடித் தண்ணீரைத்தான் இறக்கும் என்பது பொறியாளர்கள் கையாளும் கணக்கு. மூன்று அங்குலக் குழாய் அதில் பாதிகூட இறக்காது. இரண்டு அங்குலக் குழாய்க்கு எழுபது சதுர அடியே அதிகம். காசு மிச்சம் என்று குழாயைச் சிறுக்க வைப்பவர் மழைக்காலம் முழுக்கச் சுவர் ஓதத்துக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பார்.

ஆகவே தாம்பரம் வாசகருக்கு மூன்று குழாய்கள் வேண்டும், வெவ்வேறு மூலைகளில். ஒன்றை வேப்பஞ்சருகு அடைத்தாலும் மற்றவை காப்பாற்றும். கைப்பிடிச் சுவரிலும் தளத்துக்கு நாலு விரற்கடை மேலே ஒரு துவாரம் விடச் சொல்ல வேண்டும். எல்லாக் குழாய்களும் அடைபட்ட இரவில், படிக்கட்டு வழியாக வீட்டுக்குள் இறங்க வேண்டிய தண்ணீர் அந்தத் துவாரம் வழியாக வெளியே போய்விடும்.

கேள்வி: குழாயும் புதுசு, ஜாலியும் புதுசு. மாடியில் மட்டும் குளம்போலத் தண்ணீர் நிற்கிறதே? (விழுப்புரம் வாசகி)

பதில்: குழாய் மேல் பழி போட வேண்டாம், வாட்டம் சரியில்லை. பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது குழாய் வாயை நோக்கித் தளம் சரிய வேண்டும். தளவோடு பதிக்கும் முன்பே கொத்தனார் டியூப் மட்டம் பிடிக்கிறாரா என்று வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஓடு பதித்து, காய்ந்து, சுண்ணாம்பும் அடித்த பிறகு வாட்டத்தைத் திருத்துவது பெருஞ்செலவு.

கேள்வி: ஓட்டு வீட்டுக்குப் பீலி பூட்ட வேண்டும். தகரமா, பிவிசியா? (யாழ்ப்பாணம் வாசகர்)

பதில்: எதுவானாலும் சரி, தாங்கியைக் கஞ்சத்தனமாக வைக்கக் கூடாது. ஆறு அங்குல அகலமுள்ள அரைவட்டப் பீலி, பத்தடி நீளத்துக்கு நிரம்பினால் 28 லிட்டர், அதாவது 28 கிலோ. அத்தனை பாரத்தை முனைக்கொரு தாங்கி தாங்காது, நடுவில் தொய்யும். இரண்டடிக்கு ஒன்று வேண்டும். கடற்காற்று அடிக்கும் ஊரில் தகரம் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் பிவிசிக்கு ஒரு படி முன்னுரிமை. ஆனால் பத்தடி பிவிசி, விடியற்காலைக் குளிரிலிருந்து உச்சிவெயிலுக்குள் அரை சென்டிமீட்டருக்கு மேல் நீளும். மூட்டில் அந்த இடைவெளியை விடாமல் இறுக்கினால் விரிசல் நிச்சயம். ஓட்டின் நுனி பீலிக்குள் இரண்டு அங்குலம் நீண்டிருக்கட்டும்; இல்லாவிட்டால் தண்ணீர் பீலிக்குப் பின்பக்கமாக இறங்கி மரத்தை உளுக்கச் செய்யும்.

வாட்டம் இங்கேயும் உண்டு, பத்தடிக்கு அரை அங்குலம். அது தப்பினால் தேங்கிய தண்ணீரில் நுளம்பு முட்டையிடும். பத்து நாளுக்குள் பறந்தும் விடும். இலங்கையில் 2017-இல் மட்டும் 1,80,000-க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். கூரைப் பீலியை வாரம் ஒரு முறை பார்க்கச் சொல்வது அதனால்தான்.

கேள்வி: இறக்கிய குழாயைப் பாதாளச் சாக்கடையில் சேர்த்துவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. சாக்கடை நிரம்பினால் கீழ்வீட்டுக் கழிவறை வழியாகத் திரும்பி வரும்.

கேள்வி: பிறகு எங்கேதான் விடுவது? (மதுரை வாசகி)

பதில்: குழாய் வாங்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது! மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-இலிருந்து எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். அதற்கும் முன்பே செட்டிநாட்டு வீடுகளில் முற்றத்தைச் சுற்றிய ஓட்டுக் கூரைத் தண்ணீரை அண்டாவில் பிடித்துச் சமைத்தார்கள். கிணறு இருந்தால் வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றுக்கு விடலாம். இல்லையென்றால் கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய உறிஞ்சு குழிக்கு. குழாய் கடைசியாகத் திரும்பும் இடத்துக்கு முன்னால் ஒரு டீ வைத்து, அடியில் மூடி போடச் சொல்ல வேண்டும். கோடைக்குப் பின் வரும் முதல் மழையில் அந்த மூடியைத் திறந்துவிட்டால் காக்கை எச்சமும் புழுதியும் வெளியேறும். தண்ணீர் தெளிந்து வந்ததும் மூடலாம்.