ஆறு கம்பெனிகளும் ஒரு பரம ரகசியமும்

ரகசியம் காப்பதில் ஐரோப்பிய லாரி கம்பெனிகளை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. பதினான்கு வருஷம் காத்துக் காட்டியவர்கள். 1997 ஜனவரியில் பிரஸ்ஸல்ஸ் ஹோட்டல் ஒன்றில் பெரிய தலைகள் கூடி ஆரம்பித்த கைங்கரியம் அது. லாரிக்கு என்ன விலை போடலாம், புகையைக் குறைக்கும் புதுத் தொழில்நுட்பத்தை எப்போது சந்தையில் இறக்கலாம், அதன் செலவை வாங்குகிறவன் தலையில் எப்படிக் கட்டலாம் என்று 2011 வரை ஒருவர் காதில் ஒருவர் ஓதிக்கொண்டே இருந்தார்கள். மான், வால்வோ-ரெனோ, டெய்ம்லர், இவெகோ, டாஃப், ஸ்கானியா. ஐரோப்பாவில் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் பத்துக்கு ஒன்பது இவர்களுடையவை. அதாவது, ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டிருக்க வேண்டிய அத்தனை பேரும்.

மான் ஐரோப்பிய ஆணையத்திடம் ஓடிப்போய்க் காட்டிக்கொடுத்து அபராதத்திலிருந்து தப்பித்தது. சமரசத்துக்கு வந்த மற்ற நால்வருக்கும் சேர்த்து 2016-இல் 293 கோடி யூரோ தீட்டினார்கள். முரண்டு பிடித்த ஸ்கானியாவுக்கு அடுத்த வருஷம் தனியாக 88 கோடி.

இந்த உத்தமர்களுக்குத்தான் இப்போது தூக்கம் வரவில்லை. லாரியைக் காசு கொடுத்து வாங்கியவன், அந்த லாரி தினமும் கக்குகிற தகவலைத் தனக்கும் கொடு என்கிறான். கொடுத்தால் தொழில் ரகசியம் கசிந்துவிடுமாம்! எதிரி கம்பெனிக்குத் தன் விலைப்பட்டியலைத் திறந்து காட்டியபோது கசியாத ரகசியம், சொந்த வாடிக்கையாளனுக்கு அவன் வண்டியின் பிரேக் பேட் எவ்வளவு தேய்ந்தது என்று சொன்னால் கசிந்துவிடும்.

இன்றைய லாரி வாய் ஓயாமல் பேசுகிறது. எங்கே நிற்கிறேன், எத்தனை லிட்டர் டீசல் குடித்தேன், எந்த டயரில் காற்று குறைகிறது, எந்தக் கோளாறால் எந்த விளக்கு எரிகிறது, டிரைவர் எந்த வளைவில் பிரேக்கை ஓங்கி மிதித்தார், எல்லாவற்றையும் சொல்கிறது. சொல்வது நேராகக் கம்பெனி சர்வரிடம். டீசல் ஓனர் காசு. டயர் ஓனர் காசு. தவணை, சுங்கம், இன்சூரன்ஸ் எல்லாம் ஓனர் காசு. தேய்ந்ததெல்லாம் அவருடையது, தேய்ந்த சேதி மட்டும் கம்பெனியுடையது. மாதச் சந்தா கட்டினால் அதிலிருந்து கொஞ்சம் எடுத்து, கலர் கலராகப் படம் போட்டுக் காட்டுவார்கள். வீட்டை விற்றவன் அடுப்பங்கரைச் சாவியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு, தினமும் வந்து குழம்பை ருசி பார்த்துவிட்டு, உப்பு போதுமா என்று சொல்ல உங்களிடமே கட்டணம் கேட்டால் என்ன செய்வீர்கள்? லாரி ஓனர் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாவியை வாங்கிக்கொள்கிறார்.

தொழில்நுட்பச் சிக்கல் என்று ஒரு முனகலும் இடையிடையே கேட்கும். எஃப்.எம்.எஸ். என்ற பெயரில், லாரிக்குள் ஓடும் தகவலை வெளியே எடுக்க எல்லாருக்கும் பொதுவான முறை ஒன்றை இதே கம்பெனிகள் கூடி வகுத்தது 2002-இல். வருஷத்தைக் கவனியுங்கள். பகலில் பொதுத் தரம் பேசியிருக்கிறார்கள், ராத்திரியில் பொது விலை.

ஐரோப்பிய ஒன்றியம் சும்மா இருக்கவில்லை. தரவுச் சட்டம் ஒன்றைப் போட்டது, அது 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. வண்டியை வாங்கியவரோ வாடகைக்கு எடுத்தவரோ அதன் தகவலை இலவசமாகக் கேட்கலாம். தனக்குப் பிடித்த ஒர்க்‌ஷாப்புக்கு நேரடியாக அனுப்பச் சொல்லலாம். அந்தத் தகவலைக் கம்பெனி பயன்படுத்த வேண்டுமானால் ஓனருடன் ஒப்பந்தம் போட்டாக வேண்டும். வாசித்தால் புல்லரிக்கும். புல்லரிப்பு அடங்குவதற்குள் அடுத்த பக்கத்தைப் புரட்டுங்கள். கச்சாத் தகவல்தான் உங்களுக்கு, கம்பெனியின் கணக்கீடு மென்று துப்பியது கம்பெனிக்கு. தொழில் ரகசியம் போய்ப் பெரு நஷ்டம் வரும் என்று காட்டினால் கொடுக்க மறுக்கலாம். கிடைத்த தகவலை வைத்துப் போட்டியாக லாரி தயாரித்துவிடக் கூடாது என்று ஒரு தடையும் உண்டு. நாலு வண்டி வைத்துக்கொண்டு வட்டி கட்டும் போலந்துக்காரர் கொல்லைப்புறத்தில் தொழிற்சாலை கட்டிவிடுவார் என்ற பயம் போலிருக்கிறது. அந்த மகத்தான ஒப்பந்தமோ, வண்டி எடுக்கிற அன்று நீட்டப்படும் காகிதக் கட்டில் எங்கோ ஒரு பத்தி.

சட்டம் அமலுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. 2025 நவம்பரில் ஐரோப்பிய ஆணையமே ஒரு திருத்த யோசனையோடு வந்து நின்றது: தகவல், பாதுகாப்புக் குறைந்த அந்நிய நாடுகளுக்குப் போய்விடும் அபாயம் இருந்தால் அதையும் மறுக்கும் காரணமாக்கலாமாம். பூட்டு போட்ட கையோடு கள்ளச்சாவிக்கும் ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள்.

இத்தனை ரகளையிலும் ஸ்டியரிங் பிடிப்பவரைப் பற்றிப் பேச்சே இல்லை. சம்பளத்துக்கு ஓட்டுகிற டிரைவர் இந்தச் சட்டத்தின் கண்ணில் தகவல் கேட்கும் உரிமையுள்ள பயனர் அல்ல. 2023 வசந்தத்தில் ஜெர்மனியின் கிரேஃபன்ஹவுசன் நெடுஞ்சாலை நிறுத்தத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட டிரைவர்கள், பெரும்பாலும் ஜார்ஜியாவிலிருந்தும் உஸ்பெகிஸ்தானிலிருந்தும் வந்தவர்கள், சம்பள பாக்கிக்காக லாரிகளை நிறுத்திவிட்டு வாரக்கணக்கில் அங்கேயே கிடந்தார்கள். அவர்கள் ஓட்டிய நேரமும் ஓய்ந்த நேரமும் டாக்கோகிராஃப் கருவியில் நிமிஷ சுத்தமாகப் பதிவாகியிருக்க வேண்டும், சட்டம் அப்படி. நிமிஷத்தை எண்ணத் தெரிந்த தொழிலுக்குச் சம்பளத்தை எண்ணத் தெரியவில்லை. முதலாளி தரப்பு புனித வெள்ளியன்று வந்தது, லாரிகளை மீட்க அடியாட்களோடும் கவச வண்டியோடும். போலீஸ் வந்து பிடித்துப் போனது. பாக்கி அதற்கும் பிறகுதான் கைக்கு வந்தது. டிரைவர் தன்னைப் பற்றிய தகவலைத் தனிநபர் தரவுச் சட்டத்தின்படி கேட்கலாம் என்பார்கள் வக்கீல்கள். கேட்கலாம், கேபினில் படுத்துத் தூங்கி, ஸ்டவ்வில் கஞ்சி காய்ச்சுகிற நேரம் போக மிச்ச நேரத்தில், புரியாத மொழியில் மனு எழுதி.

டெய்ம்லரின் லாரி நமக்கு அந்நியமல்ல, ஒரகடத்தில் 2012 முதல் தயாராகிறது. நம்மிடம் 2023-இன் தனிநபர் தரவுச் சட்டம் இருக்கிறது. அது மனிதரைப் பற்றிய தகவலுக்கு. வண்டியின் தகவலில் ஓனருக்கு உரிமை தரும் சட்டம் இங்கே கிடையாது. அதற்காக நம் அரசுக்குத் தரவின் மதிப்பு தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிமத் தரவுகளை 87 தனியார் நிறுவனங்களுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் திறந்துவிட்டு 65 கோடி ரூபாய் சம்பாதித்ததாக 2019-இல் நாடாளுமன்றத்திலேயே பெருமையாகச் சொன்னார் அமைச்சர். வங்கி, இன்சூரன்ஸ், வாகனக் கம்பெனி எல்லாம் வரிசையில் நின்றன. அடுத்த வருஷம் அந்தக் கொள்கையைச் சத்தமில்லாமல் கைவிட்டார்கள். நாமக்கல் லாரி ஓனருக்கு அதில் சல்லிக்காசு பங்கில்லை. தன் ஆர்.சி. தொலைந்துபோய் நகல் வேண்டுமென்றால் மட்டும் அவர் விண்ணப்பம் போட்டு, கட்டணம் கட்ட வேண்டும்.