வண்டி கிளம்பாப் படலம்: ஒரு பொழுதாய்வு

பழைய கார் கிளம்ப மறுப்பது குறித்துத் தெருமுனையில் இதுவரை நடந்துள்ள ஆய்வுகள் அனைத்தும் குறையுடையவை. பானட்டைத் தூக்கியதுமே அறிஞர் குழாம் கூடிவிடுகிறது. அதில் மூன்று மரபினரை இனங்காணலாம். "பேட்டரி வீக் சார்" என்பவர்கள் மூத்த மரபினர். "பிளக்கைக் கழட்டித் துடைங்க" என்பவர்கள் அடுத்து வந்தவர்கள். "பெட்ரோல் எங்க போட்டீங்க?" என்று கேட்பவர்கள் கலப்படக் கொள்கையினர், இவர்களுக்குக் கோபமெல்லாம் பங்க் மீதுதான். கருத்தேதும் கூறாமல் வண்டியின் பின்னால் போய்த் தள்ளத் தயாராக நிற்கும் நான்காம் பிரிவினரை ஆய்வுலகம் உரியபடி கௌரவிக்கவில்லை.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்றார். நம் அறிஞர்களோ நிலத்தோடு நின்றுவிட்டனர். வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்கிறார்களே தவிர, எப்பொழுது மக்கர் செய்தது என்று கேட்பதில்லை. பொழுதறியாமல் திணை கூற இயலாது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

அம்பாசிடர், பத்மினி காலத்தில் பொழுதறியும் பொறுப்பு ஓட்டுநரிடமே இருந்தது. ஆறிய இன்ஜினுக்குப் பெட்ரோல் கூடுதலாக வேண்டும் என்பதால் சோக்கை இழுப்பார்; சூடு ஏறியதும் உள்ளே தள்ளுவார். 2000-ஐ ஒட்டிப் புகை விதிகள் இறுக இறுக, கார்புரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ வந்தது. சோக் குமிழும் மறைந்தது. அந்த வேலை ஈசியு என்னும் பெட்டியின் தலையில் விழுந்தது. வெளியுலகம் காணாத அப்பெட்டிக்கு, தெர்மோஸ்டாட் பக்கத்தில் கூலன்ட்டில் முனை நனைய உட்கார்ந்திருக்கும் கட்டைவிரல் அளவுச் சென்சார் சொல்வதே வேதம்.

சென்சாருக்குள் இருப்பது தெர்மிஸ்டர். சூடேற ஏற மின்தடை குறையும் பொருள். இக்குணத்தை வெள்ளி சல்பைடில் மைக்கேல் பாரடே 1833-லேயே கண்டு எழுதிவிட்டார். பல கார்களின் சென்சார் 20 டிகிரியில் ஏறத்தாழ 2,500 ஓம், 30-ல் 1,700, 80-ல் 300 என்று காட்டும். வயதானால் இந்தக் கணக்கு பிசகும். அப்போதுதான் திணைகள் பிறக்கின்றன.

முதலாவது மருதம், பொழுது வைகறை, உரிப்பொருள் ஊடல். இன்ஜின் ஆறிக் கிடக்கிறது, சென்சாரோ "சூடாக இருக்கிறோம்" என்கிறது. ஈசியு அதை நம்பிப் பெட்ரோலில் கஞ்சத்தனம் காட்டுகிறது. செல்ஃப் நன்றாகவே சுற்றும், வண்டி பிடிக்காது.

இரண்டாவது பாலை, பொழுது நண்பகல், உரிப்பொருள் பிரிவு. கடையில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் வண்டி வராது. உரிமையாளர் அதைப் பிரிந்து ஆட்டோவில் ஏறுகிறார். இங்கே இன்ஜின் கொதிக்க, சென்சார் "குளிர்கிறது" என்று சாதிக்கிறது. பெட்ரோல் அளவின்றி ஊற்றப்படுகிறது. பெட்ரோல் வாடை, கரும்புகை, மைலேஜ் சரிவு, மை பூசியதுபோல் பிளக். பிளக் மரபினர் தம் கொள்கை நிறுவப்பட்டதாக அறிவிப்பது இந்தத் தருணத்தில்தான். துடைத்து மாட்டினால் வண்டியும் கிளம்பும், மறுபடி கருக்கும்வரை. இத்திணையை உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால், பல எம்பிஎஃப்ஐ வண்டிகளில் ஈசியு பெட்ரோலை நிறுத்திவிடும். அப்படி அடித்துப் பிடித்துக்கொண்டால் உள்ளே பெட்ரோல் மிஞ்சிக் கிடந்தது என்று பொருள்.

மாலைக்குரிய முல்லையின் உரிப்பொருள் காத்திருத்தல்; அது மெக்கானிக் ஷெட்டில் நிகழும். யாமத்தில் நிற்கும் வண்டிக்குப் பெரும்பாலும் பெட்ரோலே இல்லை.

மறுப்பாளர் கூறுவன இரண்டு. "மீட்டர் முள் நடுவில்தானே நிற்கிறது?" பல பழைய கார்களில் முள்ளுக்கு ஒரு சென்சார், ஈசியுவுக்கு வேறொன்று. எனவே முள்ளின் சாட்சியம் ஏற்கத்தக்கதன்று. "செக் இன்ஜின் லைட் எரியவில்லையே?" ஒயர் அறுந்தால் ஈசியுவுக்கு வரும் செய்தி மைனஸ் 40 டிகிரி. மாம்பலத்தில் மைனஸ் 40 என்றால் எந்தப் பெட்டியும் சந்தேகப்படும், விளக்கு எரியும். ஆனால் 30 டிகிரிக் காலையில் 70 என்று சொல்லும் சென்சாரைச் சந்தேகிக்க அதற்குக் காரணமில்லை. அண்டப்புளுகைப் பிடித்துவிடும் பெட்டி, நம்பும்படியான பொய்யிடம் தோற்கிறது.

பேட்டரி மரபினரை அடியோடு தள்ளிவிடலாகாது. செல்ஃப் முனகினாலோ, சுற்றும்போது வோல்ட் 9.5-க்குக் கீழே போனாலோ அவர்கள் சொல்வதே சரி. மற்றபடி, இரவெல்லாம் நின்ற வண்டியில் விடிகாலையில் சென்சாரின் கனெக்டரைக் கழற்றிப் பச்சைக் களிம்பு இருந்தால் துடைத்துவிட்டு, மல்டிமீட்டரை வையுங்கள். 1,700-ஐ ஒட்டி வரவேண்டிய இடத்தில் 400 வந்தால் வழக்கு முடிந்தது. பேட்டரியும் பிளக்கும் மாற்றி ஆயிரக்கணக்கில் செலவழித்த பிறகே இந்தச் சில நூறு ரூபாய்ச் சாமானிடம் வந்து சேர்வது நம் ஊர் வழக்கம்.

ஆகவே அன்பர்களே, மெக்கானிக்கிடம் "ஸ்டார்ட் ஆகல" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். இன்ஜின் ஆறியிருந்ததா, சூடாக இருந்ததா, நிறுத்தி எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சென்சாரைக் கழற்றுவதானால் இன்ஜின் நன்றாக ஆறட்டும். கொதிக்கும் கூலன்ட் பீய்ச்சி அடிக்கும்.