சிஸ்டம் அண்ணன்

பாலக்கோடு, பென்னாகரம், அரூர், காரிமங்கலம் என்று தர்மபுரி மாவட்டத்தில் எந்த ஊருக்குப் போனாலும் அங்கே ஒரு சிஸ்டம் அண்ணன் இருப்பார். வயது நாற்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். சிலருக்குக் கடை உண்டு. அந்தக் கடையில் ஜெராக்ஸ் எடுப்பார், பட்டா சிட்டா எடுத்துத் தருவார், பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு நீலப் பின்னணி போட்டுத் தருவார். கம்ப்யூட்டர் ரிப்பேர் மட்டும் அங்கே நடக்காது. அது ராத்திரி எட்டு மணிக்கு மேல் வீடு தேடிப் போய்ச் செய்கிற காரியம். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் நட்சத்திர முனை ஸ்க்ரூட்ரைவர் இருக்கும். பேன்ட் பையில் ஒரு பென்சில் ரப்பர். அவருடைய மகள் இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருக்கும் ரப்பர் அதுதான்.

எங்கே படித்தார் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. விண்டோஸ் எக்ஸ்பி வந்த 2001ஐ ஒட்டி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தார். பாடம் எடுப்பவர் வராத நாட்களில் மெஷினைத் திறந்து பார்த்தார். அதுதான் படிப்பு. பென்டியம் 4 காலத்தில் ஊரில் வாங்கிய கம்ப்யூட்டர்களில் பாதி இவர் கை பட்டவை. 2011இல் அரசாங்கம் மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியதும் அண்ணனுக்கு மவுசு கொஞ்சம் குறைந்தது. லேப்டாப்புக்குள் கழட்டி மாட்டிப் பார்க்க அவ்வளவாக ஒன்றும் இருக்காது. அப்புறம் கண்ணாடிக் கேபினெட், கலர் லைட் என்று பையன்கள் கேமிங் கம்ப்யூட்டர் மேல் ஆசைப்பட ஆரம்பித்தார்கள். அண்ணனுக்கு மறுபடியும் கிராக்கி.

பாலக்கோட்டுப் பக்கம் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பாவுக்குத் தக்காளி வியாபாரம். பையன் கல்லூரியில் படிக்கிறான். ‘வீடியோ எடிட்டிங்’ என்று வீட்டில் சொல்லிப் பணம் வாங்கி, பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போய் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி, பிராசஸர் ஒரு கடை, மதர்போர்டு ஒரு கடை, ராம் ஒரு கடை என்று விலை பேசி வாங்கிவிட்டான். ஓசூர் வழியாக வரும் பாசஞ்சர் ரயிலில் கேபினெட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். வழியெல்லாம் “கிரைண்டரா தம்பி?” என்ற விசாரணைக்குப் பதில் சொல்லியிருப்பான். வீட்டுக் கட்டிலில் பெட்ஷீட் விரித்து, வீடியோவைப் பார்த்துப் பார்த்து அவனே அசெம்பிள் செய்தான். பாட்டி கேபினெட் கண்ணாடி மேல் சந்தனப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினாள். சுவிட்சைத் தட்டினான். ஃபேன் சுற்றியது, சிவப்பும் பச்சையுமாக லைட் ஓடியது. மானிட்டர் மட்டும் கறுப்பு.

இதற்கு நம் ஊரில் உள்ள ஒரே பெயர் “டிஸ்ப்ளே வரல.” பவர் கேபிள் கழன்றிருந்தாலும் டிஸ்ப்ளே வரல, பிராசஸர் எரிந்திருந்தாலும் டிஸ்ப்ளே வரல.

முதலில் பெங்களூரு மாமாவுக்கு வீடியோ கால் போகும். மாமா ஐ.டி. கம்பெனியில் பதினைந்து வருஷம். அவருடைய லேப்டாப்பில் ஏதாவது கோளாறு என்றால் ஆபீஸ் ஆள் வந்து வேறு லேப்டாப் வைத்துவிட்டுப் போவார். மூடிக்குள் என்ன இருக்கிறது என்று மாமா பார்த்ததே இல்லை. இது குடும்பத்துக்குத் தெரியாது. மாமாவுக்குத் தெரியும். அதனால் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு, “ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா?” என்பார். பையன் பார்த்துவிட்டான், இருபது தடவை. “அப்ப லோக்கல்ல யாரையாவது கூப்பிடு.”

லோக்கலில் வேறு யார்?

அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, “யாரு அசெம்பிள் பண்ணது?” யார் பேரைச் சொன்னாலும் முகம் சுருங்கும். அவர் பேரையே சொன்னாலும் சுருங்கும் என்றுதான் நினைக்கிறேன். இரண்டாவது, தீர்ப்பு. மூடியைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்: “போர்டு போயிருக்கும்ணா.” பையனின் அப்பா மனசுக்குள் போர்டு விலையைத் தக்காளிப் பெட்டிக் கணக்கில் போட்டுப் பார்த்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார். புதிதாகச் சேர்த்த கம்ப்யூட்டர் ஓடாமல் இருப்பதற்குப் போர்டு காரணமாக இருப்பது அபூர்வம். பெரும்பாலும் ஏதாவது சின்ன ஒயர். போர்டின் மேல் மூலையில் பிராசஸருக்கென்று தனியாக 8 பின் கனெக்டர் ஒன்று உண்டு. 24 பின் பெரியதைச் செருகிவிட்ட திருப்தியில் பலர் அதை மறந்துவிடுவார்கள். இல்லையென்றால் ராமின் ஒரு முனை மட்டும் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். இன்னும் எளிமையானது, கிராஃபிக்ஸ் கார்டை மாட்டிவிட்டு மானிட்டர் கேபிளைப் போர்டில் செருகுவது. இன்டெல் பிராசஸர் பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அதற்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. அந்த ஓட்டையிலிருந்து ஆயுசுக்கும் படம் வராது. ஆனால் இதையெல்லாம் சொல்வதற்கா ஒரு மனிதன் வண்டி எடுத்துக்கொண்டு வருவான்? போர்டு போயிருக்கும் என்றால்தான் வந்ததற்கு மரியாதை.

அப்புறம் காதைக் கேபினெட் அருகே கொண்டுபோவார். கை சாடை காட்டினால் பாட்டி டி.வி.யை நிறுத்த வேண்டும். பீப் சத்தம் கேட்கிறார். 1981இல் ஐ.பி.எம். பெர்சனல் கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து இந்த வழக்கம் உண்டு. சுவிட்ச் போட்டதும் மெஷின் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். எல்லாம் சரியென்றால் குட்டையாக ஒரு பீப். கோளாறு என்றால் வேறு கணக்கு. பழைய அவார்டு பயாஸில் ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் கிராஃபிக்ஸ் பக்கம் சிக்கல். பாம்புப் பஞ்சாங்கத்தில் பல்லி சொல்லுக்குப் பலன் போட்டிருக்குமே, கிழக்கே சொன்னால் இது, மேற்கே சொன்னால் அது என்று, அந்த மாதிரி ஒரு அட்டவணை அண்ணன் தலைக்குள் இருக்கிறது. கஷ்டம் என்னவென்றால் இப்போதைய போர்டுகள் பலவற்றோடு ஸ்பீக்கரே வருவதில்லை. பல்லி இல்லாத சுவரின் முன் அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

ஸ்பீக்கருக்குப் பதிலாகப் போர்டில் நான்கு குட்டி லைட் வைத்திருக்கிறார்கள். சி.பி.யூ., டிராம், வி.ஜி.ஏ., பூட் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். எங்கே தடங்கலோ அந்த இடத்து லைட் எரியும். பையன் பார்த்திருக்கிறான்.

“அண்ணா, டிராம்னு ஒரு லைட் எரியுதுங்கண்ணா.”

“அது சும்மா அழகுக்கு வெச்சிருப்பான் தம்பி. இந்தக் கேபினெட்லயே எத்தன லைட் எரியுது பாரு.”

மெஷின் தன் வாயால் உண்மையைச் சொன்னது அந்த ராத்திரியில் அந்த ஒரு தடவைதான். அதற்கப்புறம் அதை யாரும் பேச விடவில்லை.

ராமைக் கழட்டுகிறார். ரப்பரை எடுக்கிறார். ராமின் அடிப்பக்கத் தங்க முலாம் பூசிய பட்டைகளை, நோட்டில் தப்பாகப் போட்ட கணக்கை அழிக்கிற வேகத்தில் தேய்க்கிறார். பழைய ராமில் அழுக்கும் களிம்பும் பிடித்திருந்தால் இது வேலை செய்யும் என்பது உண்மை. பல வருஷம் இதனால் பல கம்ப்யூட்டர் பிழைத்திருக்கிறது. முந்தாநாள் கவர் பிரித்த ராமில் களிம்பு ஏது? ஆனாலும் இப்படித் தேய்த்து மாட்டினால் சில சமயம் ஓடிவிடும். காரணம் ரப்பர் இல்லை. இரண்டாவது தடவை மாட்டும்போது ‘டக்’கென்று கிளிப் விழும்வரை அழுத்துகிறோமே, அது. பேர் என்னவோ ரப்பருக்கு.

“ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்ல போடணும்னு புக்ல இருக்குதுங்கண்ணா.”

“புக்ல ஆயிரம் போடுவான்.” ஆனாலும் பையன் சொன்ன இடத்திலேயே போடுகிறார். நல்ல மனுஷன்.

அடுத்து, மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். சோதனை. “அக்கா, ஒரு ஊக்கு குடுங்க.” பையனின் அம்மா புடவையிலிருந்து ஊக்கைக் கழட்டிக் கொடுப்பார். பெரிய கனெக்டரில் பச்சை ஒயரையும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயரையும் ஊக்கால் இணைத்தால் எஸ்.எம்.பி.எஸ். தனியாகவே ஓடும். ஓடினால் அது உயிரோடு இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். பாரம் ஏற்றினால் தாங்குமா என்பது வேறு விஷயம். அண்ணன் ஊக்கோடு குனிகிறார். ஒயர் எல்லாமே கறுப்பு. புது மாடல்களில் அழகுக்காக அப்படித்தான் செய்கிறார்கள். பச்சையைத் தேடி அண்ணன் கண் அலைகிறது. கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஊக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “எஸ்.எம்.பி.எஸ். ஓகே” என்கிறார்.

இதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்வது கஷ்டம். ரூபாய் வட்டத்தில் இருக்கும் 3 வோல்ட் பேட்டரியைக் கழட்டி, சட்டையில் துடைத்து மாட்டினார். கிராஃபிக்ஸ் கார்டைப் பிடுங்கிச் செருகினார். மேல் மூலை 8 பின்னை ஒரு அழுத்து அழுத்தினார். பவர் கார்டை மாற்றினார். “இந்த பிளக்ல எர்த் இல்ல” என்று சொல்லி மொத்தத்தையும் ஹாலிலிருந்து தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கையறையில் வைத்தார். நடுவில் ஒரு தடவைகூட சுவிட்ச் போட்டுப் பார்க்கவில்லை.

எனக்கு அண்ணனிடம் உள்ள வழக்கு இது ஒன்றுதான். பழுது பார்க்கிறவர் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றியதும் ஓட்டிப் பார்க்க வேண்டும். போர்டை அது வந்த அட்டைப் பெட்டி மேலேயே வைத்து, பிராசஸர், அதன் ஃபேன், ஒரே ஒரு ராம், எஸ்.எம்.பி.எஸ்., மானிட்டர், பிராசஸருக்குள் கிராஃபிக்ஸ் இல்லாவிட்டால் அந்தக் கார்டும் என்று இவ்வளவோடு ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, மற்றதை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போனால் எதைச் சேர்த்தபோது நின்றதோ அதுதான் குற்றவாளி. இதைச் சொன்னால் அண்ணன் சிரிப்பார். “அப்படிப் பாத்தா விடிஞ்சிரும்ணா.” ஐந்தை ஒரே மூச்சில் மாற்றுவார். ஓடிவிடும். எதனால் ஓடியது என்று கடவுளுக்கும் தெரியாது. ஆனால் அண்ணன் அந்த ஐந்தில் ஒன்றுக்கு மாலை போட்டுவிடுவார். இப்படி இருபது வருஷமாக ஓடிய ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அவருக்கு ஒரு சித்தாந்தத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. கேபினெட் தரையில் இருந்தால் டிஸ்ப்ளே வராது. போர் மோட்டார் ஓடும்போது ஓ.எஸ். போடக் கூடாது. கீபோர்டைப் பிடுங்கிவிட்டுத்தான் முதல் தடவை ஆன் செய்ய வேண்டும்.

படுக்கையறையில் சுவிட்ச் போட்டார். ஃபேன் சுற்றியது. மானிட்டர் கறுப்பு. அந்த நேரம் பார்த்து டீ வந்தது. அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து, தர்மபுரியில் ஒரு ஆபீஸ் சர்வரையே தான் எழுப்பிய கதையை ஆரம்பித்தார். கதை நீளம். டீ சூடு. நடுவில் யாரும் சுவிட்சைத் தொடவில்லை. சர்வர் எழுந்திருக்கும் கட்டத்தில் மானிட்டரில் போர்டு கம்பெனியின் பெயர் வந்து நின்றது.

நடந்தது இதுதான். பையன் வாங்கியது 2022 செப்டம்பரில் வந்த ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 வகை போர்டு. அதில் டி.டி.ஆர்.5 ராம். முதல் தடவை ஆன் செய்யும்போது போர்டு அந்த ராமோடு வேகத்தையும் நேரத்தையும் பழகிப் பார்த்துக்கொள்ளும். அதற்குச் சில நிமிஷம் பிடிக்கும், அதுவரை திரையில் ஒன்றும் வராது. டிராம் லைட் எரிந்தது அதற்குத்தான். பையன் ஒவ்வொரு தடவையும் அரை நிமிஷம் பொறுத்துப் பார்த்து அணைத்திருக்கிறான். அண்ணன் பேட்டரியைக் கழட்டியபோது போர்டு கொஞ்சநஞ்சம் நினைவில் வைத்திருந்ததும் அழிந்து, பழக்கம் முதலிலிருந்து ஆரம்பித்தது. அந்த ராத்திரி உருப்படியாக நடந்த ஒரே ரிப்பேர் டீ.

அண்ணன் கிளாஸைக் கீழே வைத்து, “எர்த் பிரச்சனைதான். நான் அப்பவே சொன்னேன்” என்றார். போர்டு போயிருக்கும் என்றுதான் அப்போது சொன்னார், யாரும் ஞாபகப்படுத்தவில்லை. பாட்டிக்குக் கற்பூரத்தின் மேல் சந்தேகமே இல்லை. பெங்களூரு மாமா போனில், “ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னேன்ல?” என்றார். அடுத்த மாதம் காரிமங்கலத்தில் யார் வீட்டிலாவது டிஸ்ப்ளே வராவிட்டால், அண்ணன் முதலில் கம்ப்யூட்டரைப் படுக்கையறைக்கு மாற்றுவார்.

சிரித்துவிட்டு மட்டும் போக முடியவில்லை. போர்டுக்கு வாரண்டி ஒரு கம்பெனி, ராமுக்கு இன்னொன்று, எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு வேறொன்று. எது கெட்டது என்று நாமே கண்டுபிடித்து, தொப்பூர் கணவாய் தாண்டிச் சேலத்துக்கோ, இல்லை பெங்களூருக்கோ சுமந்துகொண்டு போக வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு வந்து, பயந்துபோன ஒரு பையன் பக்கத்தில் உட்கார்ந்து, “ஒண்ணும் ஆகாது தம்பி, பாத்துக்கலாம்” என்று சொல்ல அந்தக் கம்பெனிகளில் ஆள் கிடையாது. அண்ணன்தான் வருவார். காசு கேட்க மாட்டார். கொடுத்தால், “இருக்கட்டும்ணா, அப்புறம் பாத்துக்கலாம்” என்பார். அந்த அப்புறம் வராது. பெட்ரோலுக்காவது கையில் திணித்து அனுப்புங்கள்.

அவர் வண்டியைக் கிளப்பியதும் ஒரு வேலை இருக்கிறது. கேபினெட் மூடியில் ஸ்க்ரூ இரண்டு குறையும். கேட்டால் “அது தேவையில்ல தம்பி” என்று சொல்லிவிட்டுத்தான் போயிருப்பார். விட்டுவிடாதீர்கள். கட்டிலுக்கு அடியில் தேடுங்கள், பெட்ஷீட்டை உதறுங்கள், கேபினெட்டைச் சாய்த்து ஆட்டிப் பாருங்கள். ஒன்று உருண்டு மதர்போர்டுக்கு அடியில் போய் மாட்டியிருந்தால், அடுத்த தடவை சுவிட்ச் போடும்போது அண்ணன் வாக்கு பலித்து நிஜமாகவே போர்டு போய்விடும்.