பாம்புக்குப் பால், எலிக்குத் தயிர் சாதம்

எல்லாச் சாதியாரையும் உள்ளே விட வேண்டும் என்ற நிபந்தனையோடு 1939-இல் காந்தி திறந்துவைத்த டெல்லி பிர்லா மந்திர், எங்கள் மந்திர் மார்க் குவார்ட்டர்ஸிலிருந்து நடந்துபோகிற தூரம். அக்கம்பக்க ராசியோ என்னவோ, எங்கள் வீட்டிலும் யாரையும் வராதே என்று சொல்ல முடிவதில்லை. பாம்பு அப்படித்தான் வந்தது.

மகனின் நண்பன் கனடா போகும்போது விட்டுப்போனது. "பால் பைதான்" என்றான் மகன். காதில் முதல் சொல் விழுந்த மாத்திரத்தில் அம்மா உள்ளே போய் ஒரு டம்ளர் பாலோடு வந்தாள். புற்றுக்கு ஊற்றிப் பழகிய கை. இந்தப் பால் வேறு, பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு இது, எந்தப் பாம்பும் பாலைத் தேடிக் குடிக்காது என்று விளக்கினான்.

"பின்னே என்னடா திங்கும்?"

"எலி, பாட்டி."

முட்டைகூட நுழையாத வீடு.

நம்மூர்ப் பாம்பென்றால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டித் தப்பித்திருப்பேன். வெளிநாட்டுச் சரக்கானதால் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்துவிட்டு வைத்துக்கொள்ளலாமாம். பதிந்தோம். அடுத்தது சாப்பாடு. "கடையில் வாங்கிக் கட்டுப்படியாகாது, ஒரு ஜோடி வளர்த்தால் போதும்" என்று யோசனை சொன்ன புண்ணியவான் நான்தான். கணக்குப் பிரிவில் 28 வருடம் குப்பை கொட்டிய மிதப்பு.

புரட்டாசியில் ஒரு ஜோடி வெள்ளெலி வந்தது. கூலருக்கு வாங்கி மிஞ்சிய புல்லைக் கூண்டில் பரப்பினோம். 22-ஆம் நாள் ஒன்பது குஞ்சு. விரலில் பாதி நீளம், மயிரில்லாத ரோஜா நிறம், கண் திறக்கவில்லை. குடித்த பால் வயிற்றுத் தோல் வழியே வெள்ளைப் பட்டையாகத் தெரிந்தது. அம்மாவின் டம்ளர் போக வேண்டிய இடம் இதுதான்.

என் கணக்கில் விட்டுப்போனது ஒன்று: பெண் எலி ஈன்ற அன்றே மறுபடி சினையாகும். குஞ்சுகளும் ஐந்தாறு வாரத்தில் சம்சாரத்துக்குத் தயார். பாம்போ பத்து நாளைக்கு ஒன்று தின்றால் பெரிது. அதிலும் எலியை உயிரோடு போடக்கூடாது, அது கடித்துப் பாம்பைக் காயப்படுத்திவிடும், கொன்று உறையவைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். யார் கொல்வது? மகன் என்னைப் பார்த்தான். நான் பிர்லா மந்திர் கோபுரத்தைப் பார்த்தேன். கடைசியில் உறைந்த எலியைக் காசு கொடுத்து வாங்கி, ஃப்ரீசரில் பச்சைப் பட்டாணிப் பொட்டலத்துக்குப் பின்னால் வைத்தோம். வளர்த்த எலிகள் சௌக்கியமாகப் பெருகின.

இதற்குள் அம்மா அவற்றுக்குப் பெயர் வைத்துவிட்டாள். "பிள்ளையார் வாகனம்டா. அவர் வாகனத்தையும் வைத்துக்கொண்டார், பாம்பையும் இடுப்பில் கட்டிக்கொண்டார். உன்னால் முடியாதா?" என்று கேட்டுக்கொண்டே தயிர் சாதம் பிசைந்து போட்டாள். பிள்ளையாருக்கு எலி ஒன்று. எனக்கு அப்போது இருபத்தேழு.

மார்கழி பிறந்தது. டெல்லிக் குளிரில் பாம்பு சாப்பாட்டை நிறுத்தியது. இந்த இனம் மாதக்கணக்கில் பட்டினி கிடக்குமாம், பயப்பட வேண்டாமாம். வீட்டிலிருந்த ஒரே ஹீட்டர் அதன் பெட்டிக்குப் போனது. நாங்கள் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு விரதமிருக்கும் பாம்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பின்னாடி ரிட்ஜ் காடுதானே, கொண்டுபோய் விட்டுட்டு வாங்களேன்" என்றாள் மனைவி. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் அப்படித்தான் வளர்ப்பு மலைப்பாம்புகள் காட்டில் சேர்ந்து பெருகின. அவற்றைப் பிடிக்க 2017-இல் நம் இருளர்கள் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் விமானமேறிப் போனார்கள். இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ. நான் ஓய்வு பெறுகிற நேரத்தில், நான் விட்ட பாம்பைப் பிடிக்க பத்மஸ்ரீக்கள் டெல்லி வரவேண்டுமா?

ஆகவே பாம்பு இருக்கும். வெள்ளெலி வேண்டுவோர் ஞாயிறு காலையில் வரலாம். கூண்டு இலவசம். ஆனால் பாம்பு வளர்ப்பவர்களுக்குத் தருவதில்லை. அம்மாவின் உத்தரவு.