சம்பளப் பட்டியலும் டைட்டானிக்கும்

1993-இல் தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் படிக்கப் போகிறேன் என்றால், டைப் இன்ஸ்டிட்யூட்டின் பின்கட்டுக்குப் போகிறேன் என்று அர்த்தம். முன்கட்டில் ரெமிங்டனும் ஃபாசிட்டும் லோயர், ஹயர் பரீட்சைக்காகத் தடதடத்துக்கொண்டிருக்கும். அவற்றைத் தாண்டி, செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளினால் ஏ.சி. அறை. ஊரில் எந்த மனுஷனுக்கும் வாய்க்காத குளிர்ச்சி அந்த ரெண்டு மூன்று பெட்டிகளுக்கு வாய்த்திருந்தது.

பகலில் கூட்டுறவுச் சங்கத்தில் பேரேடு எழுதுகிற வேலை. சாயங்காலம் திருவையாற்றில் டவுன் பஸ் ஏறி, காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து ஆறு தாண்டி ஆறு மணி பேட்ச்சுக்குப் போய்ச் சேர வேண்டும். கோர்ஸ் ஃபீஸைத் தவணையில் கட்டலாம் என்றார்கள். சம்பா அறுப்புக்கும் எங்கள் தவணைக்கும் இருந்த உறவு ஃபீஸ் ரசீதைப் பார்த்தாலே தெரியும்.

டிபேஸ் முடித்து கோபோல் வந்தது. 80 கட்டம் போட்ட கோடிங் ஷீட்டில் பென்சிலால் புரோகிராம் எழுதி, மாஸ்டர் பார்த்துத் தலையாட்டினால்தான் மிஷினைத் தொடலாம். ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போனால் பிழைப் பட்டியல் புரோகிராமைவிட நீளமாக வரும். நடுவில் கரன்ட் போனால் எல்லோரும் வெளியே வந்து டீ குடிப்போம். படிப்பைப் பற்றி உருப்படியாகப் பேசியது அந்த டீக்கடையில்தான்.

எந்த மொழி எடுத்தாலும் உதாரணம் மட்டும் ஒன்றே: சம்பளப் பட்டியல். ஆயிரம் ஊழியர்கள் உள்ள ஒரு கம்பெனி, அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி, பி.எஃப். பிடித்தம். வகுப்பில் பாதிப் பேருக்கு மாதச் சம்பளம் என்பதே கேள்விப்பட்ட விஷயம். பூதலூரிலிருந்து வந்த பையன் ஒருவன், வீட்டில் அன்றைக்குக் கூலி கொடுக்கப் பணம் புரட்டிவிட்டு வந்து, ஆயிரம் பேருக்கு பஞ்சப்படி கணக்கிட்டுக்கொண்டிருப்பான். பிற்பாடு 2000-ஆம் ஆண்டுச் சிக்கல் வந்து கோபோல் தெரிந்தவர்களுக்குத் திடீரென்று கிராக்கி ஏறியபோது அவன் அமெரிக்கா போனான். அங்கேயும் ஏதோ ஒரு கம்பெனியின் சம்பளப் பட்டியலில் ஆண்டை இரண்டு இலக்கத்திலிருந்து நாலு இலக்கமாக மாற்றும் வேலைதான்.

எனக்கோ அந்த ஆயிரம் பேர் கம்பெனி வகுப்பிலேயே சலித்துவிட்டது. பேட்ச் முடிந்து மிஷின் சும்மா இருந்த ஒரு நாள், எனக்கு முன்பே ஓரளவு தெரிந்த ஜிடபிள்யூ-பேசிக்கில் நிலக்கணக்கு எழுதினேன். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட். வரிகளுக்கு 10, 20, 30 என்று எண் கொடுப்போம். நடவில் பட்டம் விடுவதுபோல, பின்னால் நுழைய இடம் வேண்டுமே. மாஸ்டர் எட்டிப் பார்த்து, “இதெல்லாம் சிலபஸ்ல இல்லையே தம்பி” என்றார். அப்பாவை ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டினேன். மிஷின் ஃப்ளாப்பியை முனகி முனகிப் படித்து முடிப்பதற்குள் அவர் மனக்கணக்காக விடையைச் சொல்லிவிட்டார். “குழிக்கணக்குக்கா இவ்வளவு பணம் கட்டுறோம்?” என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

இப்போது ஐந்து ஆறு தாண்ட வேண்டியதில்லை. என் அக்கா மகள் பகலில் இ-சேவை மையத்தில் உட்காருகிறாள். இரவு சென்னை ஐஐடியின் தரவு அறிவியல் பி.எஸ். படிக்கிறாள், ஜேஇஇ எழுதாமல், வகுப்புக்கென்று ஊரைவிட்டு நகராமல், வேலை பார்த்துக்கொண்டே சேரக்கூடிய படிப்பு. 2020-இல் அறிவித்தபோது நான் நம்பவில்லை. வயது வரம்பும் இல்லை என்றதும், “நீங்களும் சேருங்க மாமா” என்றாள். நான் சேரவில்லை, பைத்தானை மட்டும் அவளிடம் ஓசியில் கற்றுக்கொள்கிறேன். பாட வீடியோவை அவள் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுகிறாள். எங்கள் மாஸ்டரை அப்படி ஓட்ட முடிந்திருந்தால் கடைசி பஸ்ஸுக்கு ஓடியிருக்க வேண்டாம்.

ஆனால் உதாரணம்? உலகம் முழுக்க இந்தத் தரவுப் படிப்பைத் தொடங்குகிறவர்களுக்குக் கொடுப்பது டைட்டானிக் பயணிகளின் பட்டியல். 891 வரிசை. யார் பிழைத்தார், யார் மூழ்கினார் என்று கணிக்க வேண்டும். அது அலுத்தால் 150 ஐரிஸ் பூக்கள், 1936-இல் புள்ளியியலாளர் ஃபிஷர் பயன்படுத்திய அளவுகள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இடுப்பளவு தண்ணீரில் சம்பா மூழ்கிக் கிடக்கும் ஊரில் உட்கார்ந்து, 1912-இல் அட்லாண்டிக்கில் மூழ்கியவர்களில் முதல் வகுப்புக்காரர்கள் எத்தனை சதவீதம் என்று கணக்குப் போடுகிறோம். சம்பளப் பட்டியலாவது இந்தியாவில் நடந்தது.

அவளும் ஒருநாள் சலித்துப்போய்த் தன் பாட்டுக்கு ஒன்று எழுதினாள். நேரடி நெல் கொள்முதலுக்கு ஆன்லைனில் பதிய வருகிறவர்கள் மாவில் பேசுவார்கள்; சிட்டாவில் ஹெக்டேரும் ஏரும் இருக்கும்; வியாபாரிக்கு மூட்டை 60 கிலோ, கொள்முதல் நிலையத்தில் சிப்பம் 40 கிலோ. எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றிக் காட்டும் சின்னப் புரோகிராம். என்னுடைய பழைய புரோகிராம் மாதிரியேதான், வரி எண் மட்டும் இல்லை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று போட்டால் “காயப்போடுங்க” என்று தமிழில் வேறு சொல்லும்.

அதை முதலில் சோதித்தவர் தெருக்கோடிப் பெரியப்பா. “மூணு மா” என்றார். 0.405 ஹெக்டேர் என்றது திரை. சிட்டாவில் 0.38. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

“எவ்வளவு குறையுது?”

“ஆறு சென்ட் சொச்சம், பெரியப்பா. மா கணக்கு உத்தேசம்தானே, அப்படி இப்படி இருக்கும்.”

“உத்தேசமாவது ஒண்ணாவது. பங்காளி வரப்பை வெட்டித் தள்ளியிருக்கான்னு முப்பது வருஷமாச் சொல்றேன், ஒருத்தன் நம்பல. இப்போ கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு” என்று எழுந்தவர், வாசல்வரை போய்த் திரும்பி, “சர்வேயருக்கு மனு எழுதவும் அதுல வழி இருக்காம்மா?” என்றார்.