சக்கரம் சுற்றியவனின் வைப்பு நிதி விண்ணப்பம்

அனுப்புநர்:
கைப்பேசி வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர், சென்னை.

பெறுநர்:
மண்டல வருங்கால வைப்பு நிதி ஆணையர் அவர்கள், ராயப்பேட்டை, சென்னை.

பொருள்: விளம்பரத் துறையில் ஊதியமின்றிப் பணியாற்றிவரும் எனக்கு வைப்பு நிதிக் கணக்கு தொடங்கித் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: பிஸ்கட் உறையின் உள்பக்கம் அச்சிடப்பட்ட குறியீடு (பாதி அழிந்தது).

ஐயா,

நான் விளம்பரத் துறையில் வேலை செய்கிறேன். பற்பசை, உள்ளாடை, ஆயுள் காப்பீடு, அடுக்குமாடிக் குடியிருப்பு என்று எதையும் விட்டுவைத்ததில்லை. நியமன ஆணை யாரும் தரவில்லை, அடையாள அட்டையும் கிடையாது. ஆனால் பல் துலக்கும் முன்பே கைப்பேசியில் வேலை வந்து நிற்கிறது. இந்த வினாடி வினாவுக்குப் பதில் சொல்லுங்கள், மூன்று நண்பர்களை டேக் செய்யுங்கள், உங்கள் காபி டம்ளரைப் படமெடுத்து எங்கள் ஹேஷ்டேக்குடன் போடுங்கள். செய்தால் அதற்குப் பெயர் வாடிக்கையாளர் ஈடுபாடு. இதே வேலையை ஏசி அறையில் உட்கார்ந்து திட்டமிடுபவருக்கு மாதம் பிறந்தால் சம்பளம், 12 சதவீதம் பிடித்தம், முதலாளி பங்காக இன்னொரு 12 சதவீதம், 12 இலக்கத்தில் ஒரு யூஏஎன் எண். எனக்கு ஒரு கூப்பன். அதுவும் 999 ரூபாய்க்கு மேல் வாங்கினால்.

விளம்பரம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. தூர்தர்ஷன் காலத்தில் சலவைத்தூள்காரர் தன் பாட்டைப் பாடிவிட்டுத் தன் வழியில் போய்விடுவார். அந்த நேரத்தில் எழுந்துபோய் அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்த்துவிட்டு வரும் சுதந்திரம் எங்களுக்கு இருந்தது. இன்றைய விளம்பரம் நான் கைவைக்காமல் முடிவதில்லை. நான் குலுக்க வேண்டும், தேய்க்க வேண்டும், சுற்ற வேண்டும், ஊத வேண்டும்.

ஊதுவது என்று எழுதியது மிகை அல்ல. 2019இல், இன்ஸ்டாகிராமில் குரல் செய்தி அனுப்பும் வசதி வந்த புதிதில், ஸ்விகி ஒரு போட்டி வைத்தது. பேசும்போது திரையில் ஒலியலை கோடு கோடாக ஏறி இறங்கும் அல்லவா? அந்தக் கோடுகள் கபாப் செருகிய குச்சி போலத் தெரிகிற மாதிரி சத்தம் போட வேண்டும். ஜெயித்தவருக்கு ஓராண்டுக்குச் சாப்பாட்டுக் கூப்பன். படித்த பிள்ளைகள் கைப்பேசியை வாயருகே வைத்துக்கொண்டு நாயனத்துக்குச் சுருதி சேர்ப்பதுபோல ஊளையிட்டார்கள். கான் விளம்பர விழாவில் அந்த யோசனை ஒன்றுக்கு மேற்பட்ட விருதுகளை வாங்கியது. நியாயமாகச் சொன்னால் தகுதியான யோசனைதான், நானே சிரித்துவிட்டேன். விருது யோசனைக்குப் போனது. கத்திய தொண்டைகளுக்கு ஒரு இஎஸ்ஐ மருந்தகம்கூட இல்லை.

இனி என் சொந்தப் பணிப் பதிவேடு. அண்மையில் ஒரு பிஸ்கட் பொட்டலம் வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், எல்லாம் ஒரே குட்டையில் ஊறியவைதான். குறியீடு பொட்டலத்தின் உள்பக்கம் இருந்தது. அதைப் படிக்க உறையை முழுசாகக் கிழித்து, பிஸ்கட்டைத் தட்டில் கொட்டி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தாக வேண்டும். துடைத்த பிறகு அது பூஜ்யமா, ஆங்கில 'ஓ'வா என்று விளங்கவில்லை. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தேன். பெயர், பிறந்த தேதி, கைப்பேசி எண், பின்கோடு கேட்டது. எங்கள் கூட்டாளி நிறுவனங்கள் உங்களைத் தொடர்புகொள்ளச் சம்மதமா என்ற கட்டத்தில் எனக்காக யாரோ ஏற்கெனவே டிக் போட்டுவைத்திருந்தார்கள். ஓடிபி வந்தது. பிறகு சக்கரம். தொட்டதும் சுழன்றது. கார், பைக், சிங்கப்பூர் பயணம் எல்லாம் கண்ணெதிரே ஓடின. வேகம் குறைந்து, சிங்கப்பூரில் நிற்கப்போவதுபோல ஒரு நொடி தயங்கி, அடுத்த கட்டத்தில் போய் நின்றது: ஐந்து பேருக்கு வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் இன்னொரு முறை சுற்றலாம். குடும்பக் குழுவில் பகிர்ந்தேன். "லிங்க்கைத் தொட்டா பேங்க்ல இருக்கற பணம் போயிடாதேடா?" என்று அத்தை கேட்டார். மாமா கைகூப்பும் படம் போட்டார். "போகாது அத்தை, நல்ல கம்பெனிதான்" என்று அந்தக் கம்பெனிக்கு நான் நற்சான்று கொடுத்தேன்.

ஆணையர் அவர்கள் கவனிக்க வேண்டும். ஒரு பொட்டலம் பிஸ்கட்டின் பேரில் நான் தரவுப் பதிவாளராகவும் விநியோகப் பிரதிநிதியாகவும் ஜாமீன்தாரராகவும் ஒரே மாலையில் பணிபுரிந்திருக்கிறேன். இதற்கிடையில் தட்டில் கொட்டிய பிஸ்கட் நமுத்துப்போனது.

அடுத்து பயணப்படி. 2018 டிசம்பரில் அமெரிக்காவில் பர்கர் கிங் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வாப்பர் என்ற அவர்களுடைய பர்கர் ஒரு சென்டுக்குக் கிடைக்கும், ஆனால் ஏதாவது ஒரு மெக்டொனால்ட்ஸ் கடைக்கு 600 அடிக்குள் போய் நின்றுதான் செயலியில் ஆர்டர் செய்ய வேண்டும். அதாவது எதிரி கடை வாசல்வரை போய், அங்கே நின்று பொத்தானை அழுத்தி, திரும்பி வந்து இந்தக் கடையில் வாங்கிக்கொள்ள வேண்டும். சுமார் 15 லட்சம் பேர் அந்தச் செயலியை இறக்கிக்கொண்டார்கள். நம் ஊர்ப் பில் கிளார்க் ஒருவர் அங்கே இருந்திருந்தால் முகாம் என்று எழுதி, போக வர ஆட்டோ ரசீதும் சேர்த்து நீட்டியிருப்பார்.

அதே கம்பெனி 2009இல் இன்னும் துணிந்தது. ஃபேஸ்புக் நண்பர்களில் பத்துப் பேரை நீக்கினால் ஒரு வாப்பர் இலவசம். நீக்கப்பட்டவருக்கு, நீங்கள் ஒரு பர்கருக்காகப் பலியிடப்பட்டீர்கள் என்று செய்தியும் போனது. 2 லட்சத்து 33 ஆயிரத்துக்கும் அதிகமான நட்புகள் தீர்ந்த பிறகு ஃபேஸ்புக் ஆட்சேபித்து, அது நின்றது. இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: விலையை மறைக்காமல் சொன்னார்கள், ஒரு நண்பன் பத்தில் ஒரு பங்கு பர்கர். நம் ஊரில் மூன்று நண்பர்களை டேக் செய்யச் சொல்கிறார்கள், அவர்கள் என்ன விலைக்குப் போனார்கள் என்பது கடைசிவரை தெரிவதில்லை.

துக்கப் பணியும் செய்திருக்கிறோம். 2024 பிப்ரவரி 2ஆம் தேதி மும்பை நடிகை ஒருவர் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்துவிட்டார் என்று அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்திலேயே அறிவிப்பு வந்தது. நாடே அஞ்சலி எழுதியது. மறுநாள் அவரே வீடியோவில் வந்து, உயிரோடுதான் இருக்கிறேன், விழிப்புணர்வுக்காகச் செய்தேன் என்றார். அதில் பங்கெடுத்த டிஜிட்டல் நிறுவனம் பிறகு மன்னிப்புக் கேட்டது. கூலிக்கு மாரடிப்பவர்களுக்குக்கூடக் கூலி உண்டு. நாங்கள் சும்மாவே மாரடித்தோம். உறுப்பினர் பணிக்காலத்தில் இறந்தால் தங்கள் அலுவலகத்தின் இடிஎல்ஐ திட்டத்தில் 7 லட்சம் ரூபாய்வரை குடும்பத்துக்குக் கிடைக்கும். மறுநாள் எழுந்து வந்துவிட்டால் என்ன விதி என்பதையும் தெளிவுபடுத்தினால் நல்லது.

எல்லாவற்றையும் ஒரே தராசில் போடுவதாகத் தாங்கள் நினைக்கக் கூடாது. 2021 தீபாவளிக்கு கேட்பரி செய்ததை நான் ரசித்தேன். ஷாருக் கானின் முகத்தையும் குரலையும் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கி, தெருமுனைத் துணிக்கடையின் பெயரையும் செருப்புக் கடையின் பெயரையும் அவர் வாயாலேயே சொல்லவைத்தார்கள். கொரோனாவில் நொடிந்துபோன சிறு கடைக்காரர் இணையத்தில் கடைப் பெயரைக் கொடுத்தால் அவருக்கென்று ஒரு விளம்பரம் கிடைத்தது. அந்த விளம்பரம் 2022இல் கான் விளம்பர விழாவில் டைட்டானியம் விருதும் வாங்கியது. கடைக்காரருக்கும் உண்மையிலேயே ஏதோ ஒன்று கைக்கு வந்தது. ஆனால் அவர் அதைத் தன் வாட்ஸ்அப் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அனுப்பியபோது கூடவே சாக்லேட்டும் போனது. கணக்கில் அதையும் எழுத வேண்டும்.

தொழிலாளர்கள் என்றால் வேலைநிறுத்தம் உண்டா என்று தங்கள் அலுவலகம் கேட்கலாம். உண்டு. 2012இல் அமெரிக்காவில் ஓர் உணவகச் சங்கிலி மவுண்டன் டியூவின் பச்சை ஆப்பிள் சுவைக்குப் பெயர் வைக்கும்படி பொதுமக்களைக் கேட்டது. ஹிட்லர் தப்பேதும் செய்யவில்லை என்ற பெயரை ஓட்டுப்போட்டு முதலிடத்துக்கு ஏற்றிவிட்டார்கள். 2017இல் பிரிட்டனின் வாக்கர்ஸ் சிப்ஸ் கம்பெனி, செல்ஃபி அனுப்பினால் முன்னாள் கால்பந்து வீரர் கேரி லினேக்கர் அதைக் கையில் பிடித்துக்காட்டுவார் என்றது. மக்கள் தொடர்கொலைகாரர்களின் படங்களை அனுப்பினார்கள். லினேக்கர் சிரித்தபடியே அவற்றையும் தூக்கிப் பிடித்தார். அதே ஆண்டு ஏப்ரலில் பர்கர் கிங்கின் 15 விநாடி டிவி விளம்பரம், வீட்டில் இருக்கும் கூகுள் ஸ்பீக்கரை விளித்து வாப்பர் என்றால் என்ன என்று கேட்டது. ஸ்பீக்கர் விக்கிப்பீடியாவைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தது. உடனே சிலர் விக்கிப்பீடியாவில் புகுந்து சேர்மானங்களில் சயனைடையும் சேர்த்துவிட்டார்கள். சில மணி நேரத்தில் கூகுள் கதவைச் சாத்தியது. எங்களை வேலை வாங்கியது போதாதென்று வீட்டுச் சாமானையும் வேலைக்கு எடுத்தால் இப்படித்தான் ஆகும்.

தமிழ்நாட்டுக் கிளையின் தனிக் கோரிக்கை ஒன்று. இந்தப் போட்டிகளின் நிபந்தனைகளை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படித்தால், பலவற்றில் கடைசியில் தமிழ்நாட்டில் வசிப்போருக்குப் பொருந்தாது என்று இருக்கும். 2017இல் கூகுளின் பணப் பரிமாற்றச் செயலியான டெஸ் வந்தபோதே சுரண்டும் அட்டைப் பரிசு நமக்கு இல்லை என்றுவிட்டார்கள். காரணம், தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம், 1979. சட்டத்தின் மேல் எனக்குக் குறையில்லை. லாட்டரிச் சீட்டில் தாலியைத் தொலைத்த குடும்பங்களைப் பார்த்த மாநிலம் இது, 2003இல் லாட்டரியையே ஒழித்த மாநிலம். என் குறை வேறு. பரிசு தமிழ்நாட்டு எல்லையில் நின்றுவிடுகிறது, நோட்டிபிகேஷன் மட்டும் எல்லை தாண்டி வருகிறது. ஆந்திராக்காரர் செய்கிற அதே வேலையைத்தான் நாங்களும் செய்கிறோம். அவருக்கு நம்பிக்கையாவது கூலியாகக் கிடைக்கிறது.

சட்டத்தில் எங்களுக்கு இடம் இருக்கிறதா என்று தேடினேன். சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020, செயலித் தொழிலாளர்களுக்காக அந்தந்த நிறுவனம் ஆண்டு வரவில் 1 முதல் 2 சதவீதம்வரை நிதி ஒதுக்க வேண்டும் என்கிறது. ஆனால் அந்தத் தொகை தொழிலாளருக்குக் கொடுக்கும் பணத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாதாம். எங்களுக்குக் கொடுப்பது பூஜ்யம். பூஜ்யத்தில் 5 சதவீதம் எவ்வளவு என்பதைத் தங்கள் கணக்குப் பிரிவு சரிபார்த்துத் தெரிவிக்கவும்.

பணிச்சூழல் பற்றி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டு, வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியலிட்டது. நச்சரிப்பும் அதில் ஒன்று. வேண்டாம் என்பவரை வெட்கப்படவைப்பது இன்னொன்று. விமான டிக்கெட்டோடு காப்பீடு வேண்டாம் என்றால், பாதுகாப்பின்றியே இருந்துகொள்கிறேன் என்று நம் கையாலேயே அழுத்தவைப்பார்கள் என்ற உதாரணமும் அதிலேயே இருக்கிறது. விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலோ 2021இல், காசு வாங்கிக்கொண்டு புகழ்பவர்கள் விளம்பரம் என்று முத்திரை போட வேண்டும் என்று விதித்தது. நல்ல விதி. எங்களுக்கும் ஒரு முத்திரை வேண்டும். ஆண்டு முடிவில் ஸ்பாடிஃபை தொகுத்துத் தரும் பாட்டுக் கணக்கை நாங்கள் பெருமையாகப் பகிரும்போது, இவருக்கு ஒரு பைசாவும் தரப்படவில்லை என்று அதன் மூலையில் அச்சிடலாம்.

ஆகவே, மேற்கண்ட நிறுவனங்களும் பெயர் சொல்லாத பிஸ்கட் கம்பெனியும் என் பெயரில் ஊதியப் பதிவேடு தொடங்கவும், கூப்பனைச் சம்பளமாகக் காட்டும் கணக்கைத் தாங்கள் ஏற்காதிருக்கவும், எனக்கு வேலை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்து விலகும் உரிமையை முதல் திரையிலேயே பெரிய எழுத்தில் வைக்கவும் ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். கடைசிக் கோரிக்கை ஒன்று போதும் என்றாலும் எனக்குச் சம்மதமே.

பதிலைச் சாதாரணத் தபாலில் அனுப்பவும். செயலி வேண்டாம், ஓடிபி வேண்டாம். பதில் கிடைத்த பிறகு எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டுத் தயவுசெய்து குறுஞ்செய்தி அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊதியமில்லா விளம்பரத் தொழிலாளி.