எலுமிச்சை ஊருக்கு எப்படிப் போவது?

கேள்வி: பிரான்சின் மத்தியதரைக் கடற்கரைக்குப் போக ஆசை. நீஸ், கான் எல்லாம் ஒரே கூட்டம் என்கிறார்கள். அமைதியான ஊர் ஏதாவது உண்டா?

பதில்: மாந்தோன். நீஸிலிருந்து உள்ளூர் ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. பிரான்ஸ் அங்கே முடிந்துவிடும். கொஞ்சம் அதிகமாக நடந்தால் இத்தாலி வந்துவிடும். ராத்திரிக் கூத்து வேண்டுமென்றால் வழியில் மொனாகோவிலேயே இறங்கிவிடுங்கள்.

கேள்வி: அந்த ஊருக்கு என்ன பெருமை?

பதில்: எலுமிச்சை. வடக்கே இருந்து வரும் குளிர்காற்றை மலை மறித்துக்கொள்வதால், சரிவில் கல் அடுக்கிப் படிப்படியாகத் தோட்டம் போட்டார்கள். வருஷத்தில் பல தடவை பூக்கும் மரம். பழம் கப்பலேறி வட ஐரோப்பா வரை போனது. ஏதேனிலிருந்து துரத்தப்பட்ட ஏவாள் ஒரு எலுமிச்சையை ஒளித்துக் கொண்டுவந்து இங்கே நட்டாள் என்பது உள்ளூர்க் கதை. ஒரு பழத்தால் பட்டது போதாது போலிருக்கிறது.

கேள்வி: மாந்தோன் ஒரு காலத்தில் மொனாகோவுக்குச் சொந்தமாமே?

பதில்: 1848 வரை. எலுமிச்சை விற்றவர்களையே அரண்மனை வரி போட்டுப் பிழிந்தது. மாந்தோனும் பக்கத்து ரோக்புருனும் பிய்த்துக்கொண்டு போய்விட்டன. 1861-ல் இளவரசர் மூன்றாம் சார்ல் 40 லட்சம் பிராங்க் வாங்கிக்கொண்டு இரண்டையும் பிரான்சுக்கு எழுதிக் கொடுத்தார். நிலம் போய், வருமானமும் வற்றிப்போக, சூதாட்ட விடுதியை நம்பினார். அது கொழித்ததும் 1869-ல் குடிமக்களுக்கு வருமான வரியே கிடையாது என்று அறிவித்தார். அந்தத் தாராள மனசு அரண்மனைக்கு இருபது வருஷம் முன்னால் வந்திருக்கலாம்.

கேள்வி: அவ்வளவு நன்றாக நடந்த விவசாயம் ஏன் படுத்தது?

பதில்: பாதி, நோயாளிகள் கைங்கரியம். 1859-ல் ஜேம்ஸ் ஹென்றி பென்னட் என்ற ஆங்கில மருத்துவர் நெஞ்சு நோயோடு வந்து சேர்ந்தார். பிழைத்ததோடு சும்மா இருக்காமல் ஊரின் குளிர்காலத்தைப் புகழ்ந்து புத்தகமும் எழுதினார். காசநோய்க்காரர்கள் திரண்டு வந்தார்கள், ரயிலும் வந்தது, தோட்டம் இருந்த இடத்தில் ஹோட்டல் முளைத்தது. மிச்சத்தை 1956 பிப்ரவரி உறைபனி பார்த்துக்கொண்டது. குணமாகாதவர்கள் பலர் மேட்டிலுள்ள பழைய கல்லறையில் இருக்கிறார்கள். ரக்பியைத் தொடங்கி வைத்ததாகச் சொல்லப்படும் வில்லியம் வெப் எல்லிஸும் அங்கேதான். ஊரிலேயே நல்ல கடல் காட்சி அவர்களுக்குத்தான்.

கேள்வி: பிப்ரவரியில் நடக்கும் எலுமிச்சைத் திருவிழாவுக்குப் போகலாமா?

பதில்: அமைதி வேண்டும் என்று கேட்டவர் நீங்கள்தானே? 1934-லிருந்து நடக்கிறது. கம்பிச் சட்டத்தில் ஒவ்வொரு பழமாக ரப்பர் பேண்டால் கட்டி, வீட்டு உயரத்துக்குச் சிலைகள் செய்வார்கள். எலுமிச்சையும் ஆரஞ்சுமாக ஏறக்குறைய 140 டன். இதில் பெரும்பாலானவை ஸ்பெயினிலிருந்து வருபவை! உள்ளூர்ப் பழத்தைக் கம்பியில் கட்டினால் கட்டுப்படியாகாது. சொந்த வீட்டுக் கல்யாணத்துக்கு இரவல் நகை.

கேள்வி: அப்படியானால் அசல் மாந்தோன் எலுமிச்சையை எங்கே பார்ப்பது?

பதில்: கடற்கரையை ஒட்டிய பழைய மார்க்கெட் கட்டடத்தில். காம்பும் இலையுமாக, மெழுகு பூசாமல் வைத்திருப்பார்கள். தோலில் கசப்பு குறைவு. மெல்லிசாக நறுக்கித் தோலோடு சாப்பிடலாம். 2015-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழத்தைத் தின்று முகம் சுளிக்க மாட்டீர்கள். அதை விலை கேட்கும்போதே செய்து முடித்திருப்பீர்கள்.

கேள்வி: இன்றைக்கும் அங்கே விவசாயிகள் இருக்கிறார்களா, இல்லை எல்லாம் விளம்பரமா?

பதில்: இருக்கிறார்கள், கொஞ்சம் பேர். படிக்கட்டுத் தோட்டத்தில் டிராக்டர் ஏறாது, எல்லாம் கைவேலை. மறுபடி ஒரு உறைபனி வந்தால் போச்சு. கடல் தெரியும் மனைக்கு என்ன விலை கிடைக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் அங்கே எலுமிச்சை வைத்திருக்கிறாரே, அவரைவிடப் பெரிய சூதாடி மொனாகோவில்கூடக் கிடையாது.